மச்சமா, தூசியா?

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்த கோடை விடுமுறையில் மாமாவின் போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். ஹைப்போ கரைப்பது, கழுவிய ஃபிலிமைக் கிளிப் மாட்டிக் காயப்போடுவது என்று ஆரம்பித்து, ஒரு மாதத்தில் நெகட்டிவ் டச்சிங் செய்யும் அளவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன என்று தெரியாது. முகத்தில் உள்ள கரும்புள்ளி நெகட்டிவில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்த இடத்தை ஊசி போலச் சீவிய பென்சிலால் மெல்லத் தொட்டுத் தொட்டு அடைத்துவிட்டால், பிரிண்டில் புள்ளி மறைந்துவிடும். படம் எடுக்கும்போது ஃபிலிமில் தூசி உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். அதுவும் நெகட்டிவில் தெளிவான புள்ளி, பிரிண்டில் கறுப்பு.

ஒருநாள் ஒரு பெண்ணின் படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்தது. இடது கன்னத்தில் ஒரு புள்ளி. தூசி என்று நினைத்து அழகாக அடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். படத்தை மேஜைமேல் வைத்து, "என் பொண்ணு கன்னத்துல இருந்த மச்சம் எங்கே தம்பி? நாளைக்கு அவங்க நேர்ல வந்து பாத்துட்டு, ஏமாத்திட்டீங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கோபம்கூட இல்லை, நிஜமான கவலை.

மாமா என்னைத் திட்டவில்லை. அவர் எந்தப் படத்தையும் இரண்டு தடவை எடுப்பவர். இரண்டாவது நெகட்டிவை எடுத்து, விளக்குப் பெட்டிமேல் வைத்துக் காட்டினார். "ரெண்டுலயும் அதே எடத்துல இருந்தா மச்சம். ஒண்ணுல மட்டும் இருந்தா தூசி. பென்சிலைத் தொடறதுக்கு முன்னாடி இதைப் பாருடா" என்றார். புதுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேத்தியின் வானவியல் புத்தகம் ஒன்றில் ஒரு பழைய படத்தைப் பார்த்தபோது இது நினைவுக்கு வந்தது. மணலை அள்ளிக் கொட்டியது போல நட்சத்திரங்கள். நடுவே மை கொட்டியது போல ஓர் இடம், அதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எடுத்தவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு என்று போட்டிருந்தது. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது, இவரும் ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாக ஆரம்பித்தவர்தான் என்று தெரிந்தது. மச்சமா, தூசியா என்கிற கேள்வியை வானத்தை வைத்துக்கொண்டு அவரும் இருபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வானத்தில் அப்படிப்பட்ட கறுப்பு இடங்கள் இருப்பது பர்னார்டுக்கு முன்பே தெரியும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் பால்வெளியின் கறுப்புத் திட்டுகளில் லாமா என்ற விலங்கைப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஈமு பறவையைப் பார்த்தார்கள். நாம் நட்சத்திரங்களைச் சேர்த்து உருவம் காண்கிறோம், அவர்கள் நட்சத்திரம் இல்லாத இடத்தில் உருவம் கண்டார்கள்.

ஐரோப்பாவில் இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் வில்லியம் ஹெர்ஷல், யுரேனஸைக் கண்டுபிடித்தவர். இங்கிலாந்தில் தன் தொலைநோக்கியால் வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவி நட்சத்திரங்களை எண்ணி வந்தார். விருச்சிகத்துப் பக்கம் வந்ததும் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் தங்கை கரோலின். அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வானத்தில் நிஜமாகவே ஓர் ஓட்டை இருக்கிறது என்று தாய்மொழியான ஜெர்மனில் சொன்னாராம். அண்ணன் இறந்து பல வருஷம் கழித்து, அண்ணன் மகன் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைநோக்கியோடு புறப்பட்டபோது, எண்பது வயது தாண்டிய கரோலின் அத்தை கடிதம் எழுதி, விருச்சிகத்தில் அந்த இடத்தை மறக்காமல் பார்க்கச் சொன்னார். ஓட்டை என்ற சொல்லை அவர் மறக்கவே இல்லை. அந்தச் சொல் வானவியலில் நூறு வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது.

இனி பர்னார்டுக்கு வருகிறேன். 1857 டிசம்பர் 16, அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம். பிறப்பதற்கு முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். அம்மா மெழுகில் பூக்கள் செய்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். கொஞ்ச நாளில் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. பையன் பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு மாதம். எழுத்தும் படிப்பும் அம்மாவிடம்தான்.

ஒன்பது வயது நிறையும் முன்பே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அப்போது மின் விளக்கு கிடையாது. படத்தைப் பெரிதாக்க வெயில்தான் வேண்டும். ஸ்டூடியோ மொட்டை மாடியில் ஒரு பிரம்மாண்டமான என்லார்ஜர் இருந்தது, அதற்கு 'ஜூபிடர்' என்று பெயர். சூரியன் நகர நகர அதையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பையனின் வேலை அதுதான். காலையிலிருந்து மாலை வரை வெயிலில் நின்று, நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதற்கு முன்பு இருந்த பையன்கள் தூங்கிவிட்டார்களாம். இவன் தூங்கவில்லை. அதே ஸ்டூடியோவில் சுமார் பதினேழு வருஷம் வேலை பார்த்தார்.

இரவு வீடு திரும்பும் வழியில் மஞ்சளாக ஒரு நட்சத்திரம் மற்றவற்றிலிருந்து விலகி நகர்வதை அந்தப் பையன் கவனித்தான். அது சனி கிரகம் என்று தெரிந்துகொள்ள வருஷக்கணக்கில் ஆயிற்று. பத்தொன்பது வயதில், ஒருவன் இரண்டு டாலர் கடன் வாங்கிக்கொண்டு ஈடாக ஒரு புத்தகத்தைக் கொடுத்தான். கடன் திரும்பி வரவில்லை, புத்தகம் தங்கிவிட்டது. அது வானவியல் புத்தகம். வட்டியோடு வந்த கடன் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்து, வருஷச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொட்டி, 380 டாலருக்கு ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார்.

1877இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சங்கம் நாஷ்வில்லில் கூடியது. அந்நாளைய பெரிய வானவியலாளர் சைமன் நியூகோம்பைப் பார்த்து, நான் என்ன செய்யலாம் என்று கேட்டார் இளைஞர். கணிதம் தெரியாமல் பெரிதாக ஒன்றும் முடியாது, வேண்டுமானால் வால்நட்சத்திரம் தேடு என்ற தோதில் பதில் வந்தது. பர்னார்டு கண்கலங்கிப் போனதாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டையும் செய்தார். கணிதத்துக்கு ஒரு வாத்தியார் வைத்துக்கொண்டார். இரவில் வால்நட்சத்திரம் தேடினார். புதிதாக ஒன்று கண்டுபிடிப்பவருக்கு 200 டாலர் தருவதாக ஒரு பணக்காரர் அறிவித்திருந்தார். பர்னார்டு அப்போது கல்யாணமாகிக் கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். தவணை வரும்போதெல்லாம் ஒரு வால்நட்சத்திரம் வந்து கடனை அடைத்தது என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு 'வால்நட்சத்திர வீடு' என்றே பெயர்.

அந்தத் தேடலில்தான் தனுசு ராசிப் பக்கம், நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், சின்னதாக முக்கோண வடிவில் ஒரு கறுப்பு இடத்தைக் கண்டார். ஓட்டை என்றே குறித்துவைத்தார். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வால்நட்சத்திரங்கள் வாங்கித் தந்த பெயரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பிறகு 1888இல் கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேல் புதிதாகத் திறந்த லிக் வானாய்வகத்தில் வேலை. அங்கே இருந்தது 36 அங்குலத் தொலைநோக்கி, லென்ஸ் வைத்துச் செய்தவற்றில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. 1892 செப்டம்பரில் அதைக்கொண்டு வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டுபிடித்தார். கலிலியோ நாலு நிலவைப் பார்த்து 282 வருஷம் கழித்து! உலகமே கொண்டாடியது. ஆனால் அவருடைய பெரிய வேலை அந்த 36 அங்குலத்தில் நடக்கவில்லை.

பெரிய தொலைநோக்கி வானத்தில் மிகச் சிறிய இடத்தைத்தான் காட்டும். சாவித் துவாரம் வழியாகத் தேர்த் திருவிழா பார்ப்பது மாதிரி. பால்வெளியின் மேகம் போன்ற அமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால், அகலமாகப் பார்க்கிற, வெளிச்சத்தை நிறைய வாங்குகிற லென்ஸ் வேண்டும். அப்படி ஒன்று அங்கே இருந்தது: ஆறு அங்குல அகலத்தில், ஸ்டூடியோவில் ஆட்களைப் படம் எடுக்கச் செய்த பழைய லென்ஸ். 1889 ஜனவரியில் வந்த சூரிய கிரகணத்துக்காகச் சான் பிரான்சிஸ்கோ ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. விற்ற கம்பெனியின் பெயரால் வில்லார்டு லென்ஸ் என்பார்கள். அந்தக் காலத்தில் படம் எடுக்க உட்கார்ந்தவர் பல விநாடி ஆடாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் இத்தகைய லென்ஸ்களைச் செய்தார்கள். குழந்தைகளைப் படம் எடுக்க எது நல்லதோ, பால்வெளிக்கும் அதுவே நல்லதாயிற்று. ஸ்டூடியோவில் வளர்ந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியிருந்திருக்காது.

1889 கோடையில் ஒரு மரப்பெட்டியில் அந்த லென்ஸைப் பொருத்தி, ஒரு தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டி, தனுசுப் பக்கம் திருப்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்துவைத்தார். இதில் என்ன கஷ்டம் என்றால், கடிகார இயந்திரம் தொலைநோக்கியைத் திருப்பினாலும் அது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஆகவே ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் வைத்து, அது நகரும்போதெல்லாம் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் நட்சத்திரங்களெல்லாம் கோடாகிவிடும். மொட்டை மாடியில் சூரியனைத் துரத்திய பையன் இப்போது இருட்டில் ஒரு நட்சத்திரத்தைத் துரத்தினான், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தபோது, கண்ணுக்குப் பால் போலத் தெரிந்தது எண்ணிக்கையில்லாத நட்சத்திரங்களாகவும், மேகங்களாகவும், நடுநடுவே கறுப்பு வாய்க்கால்களாகவும் விரிந்திருந்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். அந்தக் கறுப்பு என்ன?

ஓட்டை என்றால், அதன் வழியாக நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டி வெறும் வெளியைப் பார்க்கிறோம் என்று பொருள். மறைப்பு என்றால், ஒளிராத ஏதோ ஒரு பொருள் முன்னால் நின்று பின்னால் இருப்பதை மறைக்கிறது என்று பொருள். இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஓட்டைக் கட்சிக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி உண்டு: பால்வெளி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு குழாய் போல அந்த ஓட்டை இருக்க வேண்டும், அதுவும் சரியாக நம் பூமியை நோக்கியே இருக்க வேண்டும். ஒன்று அப்படி இருக்கலாம். பத்து, இருபது, நூறு குழாய்கள் எல்லாம் நம்மையே குறிபார்த்து நிற்குமா? இங்கிலாந்தில் 'நாலெட்ஜ்' பத்திரிகையை நடத்திய ரான்யார்டு, பர்னார்டின் படங்களையே வெளியிட்டு, இது மறைப்புதான் என்று 1890-களில் எழுதினார்.

படம் எடுத்தவரோ ஒப்புக்கொள்ளவில்லை. இதுதான் எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம். சிலர் இதைப் பிடிவாதம் என்றும், கணிதம் படிக்காதவரின் பயம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்வேன், அதற்கு மேல் ஊகிக்க மாட்டேன் என்பது ஸ்டூடியோக்காரனின் சுபாவம். நெகட்டிவில் தெளிவாக இருக்கும் ஓர் இடம் தூசியாக இருக்கலாம், மருந்து சரியாகப் படியாததாக இருக்கலாம், லென்ஸின் கோளாறாக இருக்கலாம். அதையெல்லாம் கழித்த பிறகுதான் வானத்துக்கே வர முடியும்.

லிக்கில் இயக்குநரோடு ஒத்துப்போகவில்லை. 1895இல் அங்கிருந்து விலகி, விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரை ஊரில் எழும்பிக்கொண்டிருந்த யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். நியூயார்க்கில் காதரின் புரூஸ் என்றொரு செல்வந்தர், திருமணம் செய்துகொள்ளாத அம்மையார், வானவியலுக்கு வாரி வழங்கியவர். பர்னார்டுக்கு ஒரு புகைப்படத் தொலைநோக்கி செய்ய 7,000 டாலர் கொடுத்தார். லென்ஸ் திருப்தியாக வரும்வரை பர்னார்டு விடவில்லை. கருவி முடிந்தது 1904இல். அம்மையார் 1900இலேயே காலமாகிவிட்டார், பாவம்.

அந்தக் கருவியில் ஒரே தாங்கியில் மூன்று குழாய்கள். ஒன்று கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ள. மற்ற இரண்டும் கேமரா: ஒன்றில் 10 அங்குல லென்ஸ், இன்னொன்றில் 6¼ அங்குல லென்ஸ். ஒரே நேரத்தில், ஒரே இடத்தை, இரண்டு தட்டுகளில் எடுக்கலாம். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டிலும் இருந்தால் மச்சம், ஒன்றில் மட்டும் இருந்தால் தூசி. மாமா பர்னார்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

யெர்க்ஸில் இன்னொரு தொல்லை, இடம். அது வடக்கே 42½ பாகையில் இருக்கிறது. பால்வெளியின் மிக அடர்த்தியான பகுதி தனுசும் விருச்சிகமும். நம் ஊரில் கேட்டை நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் நிற்கும். அங்கேயோ இருபத்தொன்றுதான், ஏரிப் பனியிலும் மூட்டத்திலும் மங்கிப்போகும். ஆகவே 1905 ஜனவரியில் கருவியைக் கழற்றிக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் வில்சன் மலைக்குப் போனார். கோவேறு கழுதைகள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த மலை அது. செப்டம்பர் வரை அங்கே தங்கி, சுமார் 500 தட்டுகள் எடுத்தார். வயது 47. கேட்டைக்குப் பக்கத்தில் ஒளிரும் மேகமும், அதிலிருந்து கிழக்கே ஆறு போல ஓடும் கறுப்புப் பாதைகளும் உள்ள படங்கள் அங்கே எடுத்தவை. ஹெர்ஷல் ஓட்டை என்று வாயடைத்துப்போன அதே வட்டாரம்!

அந்தப் படங்களில் மேகம் எங்கே முடிகிறதோ அங்கே கறுப்பு ஆரம்பிக்கவில்லை. ஒளிரும் மேகமே மெல்ல மெல்ல மங்கிக் கறுப்பாக மாறுகிறது. இரண்டும் ஒரே துணியின் இரண்டு ஓரம் போல. ரிஷப ராசியின் படங்களிலும் கறுப்புப் பாதைகளுக்குள் வெறும் இருட்டு இல்லை, சாம்பல் போல ஏதோ படிந்திருந்தது. பர்னார்டின் எழுத்தில் 'ஓட்டை' கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

1913 கோடையில் ஓர் இரவு. நிலா இல்லை, வானம் துடைத்தது போல இருந்தது. யெர்க்ஸில் புரூஸ் கருவியோடு தெற்குப் பால்வெளியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, தனுசின் ஒளி மேகங்களுக்கு முன்னால் சின்னச் சின்ன மேகத் துண்டுகள் மிதந்தன. நம் வானத்து மேகங்கள்தான், வெறும் நீராவி. சில நிலாவை விடப் பெரிதாக இல்லை, ஓரங்கள் வெட்டியது போலத் தெளிவு. பகலில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவை, பின்னால் இருந்த ஒளிக்கு எதிரே மைச் சொட்டுகளாகத் தெரிந்தன. இருபது வருஷமாகத் தட்டுகளில் பார்த்துவந்த கறுப்புப் புள்ளிகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்னால் ஒரு பொருள் நின்றால் எப்படித் தெரியும் என்பதை வானமே அவருக்குச் செய்து காட்டிவிட்டது. அந்த இரவைப் பற்றி அவரே பின்னால் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

1914இல் அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. இன்சுலின் வருவதற்கு முந்தைய காலம். என்னைப் போலக் காலையில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அது என்ன அர்த்தம் என்று புரியும். ஆனாலும் 1919 ஜனவரியில் 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' இதழில் 182 கறுப்புத் திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். வெளியில் ஒளியை மறைக்கும் பொருள் இருக்கிறது என்று அதில் ஐயமில்லாமல் சொன்னார். அப்போதும், ஒவ்வொரு கறுப்பு இடமும் அப்படித்தான் என்று சொல்லிவிட மாட்டேன் என்று ஒரு வால் வைத்திருந்தார்! பட்டியலில் 33-ஆவது, ஓரையனின் இடுப்பு வாருக்குக் கீழே உள்ள 'குதிரைத் தலை'. ஹார்வர்டில் 1888இல் எடுத்த தட்டில் அதை முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். ஆய்வக இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாக இருந்து வானவியலாளரானவர். நாஷ்வில்லில் பார்த்த சின்ன முக்கோணத்துக்கு 86 என்று எண் கிடைத்தது.

மீதி இருந்தது புத்தகம். நல்ல படங்களை எல்லாம் தொகுத்துப் பெரிய அட்லஸாக வெளியிட வேண்டும். அச்சகத்தில் போட்டால் மெல்லிய மேகங்கள் காணாமல் போயின, இல்லாத புள்ளிகள் முளைத்தன. லிக்கில் எடுத்த படங்களையே அச்சு திருப்தியாக இல்லை என்று இழுத்தடித்து 1913இல்தான் வெளியிட விட்டார். அட்லஸுக்கு அச்சே வேண்டாம், ஒவ்வொரு படத்தையும் நிஜமான போட்டோ பிரிண்டாகவே போட்டு ஒட்டுவது என்று முடிவு. சுமார் 50 படங்கள், 700 பிரதிகள். கணக்குப் போட்டால் சுமார் 35,000 பிரிண்ட். ஒவ்வொன்றையும் தானே கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கல்யாண சீசனில் முந்நூறு பாஸ்போர்ட் சைஸ் பிரிண்டைச் சரிபார்த்தாலே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. 1921இல் மனைவி ரோடா இறந்தார். 1923 பிப்ரவரி 6 அன்று பர்னார்டும் போய்ச் சேர்ந்தார். மனைவி வழி மருமகள் மேரி கால்வெர்ட், பல வருஷமாக அவருக்கு உதவியாளராக இருந்தவர். வரைபடங்களையும் பட்டியல்களையும் அவர் முடித்தார். ஆய்வக இயக்குநர் எட்வின் ஃபிராஸ்டும் அவரும் பதிப்பாசிரியர்கள். ஃபிராஸ்டுக்கு அதற்குள் பார்வை போய்விட்டிருந்தது. பால்வெளியின் மிகச் சிறந்த படத்தொகுப்பைக் கண் தெரியாத ஒருவரும், பெயர் அதிகம் வெளியில் தெரியாத ஒரு பெண்ணும் முடித்துக் கொடுத்தார்கள். 1927இல் கார்னகி நிறுவனம் வெளியிட்டது. கறுப்புத் திட்டுகளின் எண்ணிக்கை 349 ஆகியிருந்தது.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். வெளியில் தூசி இருக்கிறது என்றால், தூரத்து நட்சத்திரத்தின் ஒளி வழியில் குறைகிறது. மங்கலாகத் தெரிவதை வைத்து "ரொம்ப தூரம்" என்று போட்ட கணக்கெல்லாம் தப்பு. நம் சூரியன் நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் இருப்பதாக ஹெர்ஷலுக்குத் தோன்றியதும் இதனால்தான். பனிமூட்டத்தில் நிற்பவனுக்கு எந்தத் திசையிலும் ஒரே தூரம்தானே தெரியும்? கறுப்புத் திட்டுகளில் மட்டுமல்ல, பால்வெளித் தளம் முழுக்கவே மெல்லிய தூசி பரவியிருக்கிறது என்பதை 1930இல் லிக் வானாய்வகத்தின் டிரம்ப்லர் நிரூபித்தார். அப்போதுதான் பால்வெளியின் அளவு சரியானது.

நம்மவர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு. பர்னார்டு வாழ்ந்து மறைந்த அதே வில்லியம்ஸ் பே ஊருக்கு 1937இல் வந்து சேர்ந்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1950-களின் தொடக்கத்தில் கைடோ முன்ச் என்பவரோடு சேர்ந்து, பால்வெளியின் வெளிச்சம் இடத்துக்கு இடம் ஏன் கூடிக் குறைகிறது என்பதற்கு, இடையில் உள்ள தூசி மேகங்களைக் கணக்கில் எடுத்து, கணிதக் கட்டுரைகள் வரிசையாக எழுதினார். கணிதம் தெரியாமல் முடியாது என்று பர்னார்டிடம் சொன்ன வேலை கடைசியில் நம் ஊர்க்காரர் கையிலும் வந்தது.

பர்னார்டு பட்டியலின் 68-ஆவது திட்டை 2001இல் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தார்கள். கறுப்பு கலைந்து, பின்னால் இருந்த நட்சத்திரங்கள் தெரிந்துவிட்டன. உள்ளே குளிர் மைனஸ் 257 டிகிரி. பிற்காலத்தில் அது சுருங்கி ஒரு நட்சத்திரமாகலாம் என்கிறார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பத்து மணி வாக்கில், தெரு விளக்கு இல்லாத கிராமத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் தெற்கே பாருங்கள். சிவப்பாக இருப்பது கேட்டை. அதற்கு இடப்பக்கம் மூலம், பிறகு பூராடம், உத்திராடம். மூலத்துக்கு அருகேதான் பால்வெளியின் மையம். அங்கிருந்து வடகிழக்காகப் பால்வெளியை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புப் பட்டை போகும். அது வெறும் கண்ணுக்கே தெரியும். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது ஆகும், அதுவரை செல்போனைத் திறக்க வேண்டாம். கழுத்து வலி உள்ளவர்கள் ஈசிசேர் போட்டுக்கொள்வது நல்லது.